மாட்டு டாக்டரின் மருமகள்

கர்ப்பம் என்றால் வாந்தி வரும் என்பது சிக்னேவுக்குத் தெரியும். ஆனால் அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ப்ரெபென் அதையெல்லாம் யோசித்ததே இல்லை. பாடம் நடந்துகொண்டிருக்கும்போது ஒருநாள் அவள் "ஓரமா நிறுத்துங்க, சீக்கிரம்!" என்று கத்திவிட்டு, கதவைத் திறந்து புல்லில் குனிந்தாள். ப்ரெபென் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெலவெலத்துப் போனார்.

"வளைவுல கொஞ்சம் வேகமாத் திரும்பிட்டேனோ?"

"இல்லங்க, நான் கர்ப்பமா இருக்கேன்."

"ஓ, சந்தோஷம்" என்றார். ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை. அன்று மீதிப் பாடம் முழுக்க, பின்சீட்டில் முட்டைக் கூடை இருப்பதுபோல ஓட்டினார்.

ப்ரெபெனுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். இத்தனை வருஷமும் மனைவிதான் ஓட்டினாள். அவளுக்குக் கண் மங்கிப் போனதும் இவர் உரிமம் எடுக்கக் கிளம்பினார். ஆர்கனுக்கு இரண்டு காலும் வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் ஒரே சமயத்தில், மனமுருகி மிதிப்பார். டென்மார்க்கில், யட்லாந்தின் மேற்குக் கரையில் அடிக்கிற காற்றில் சும்மா நிற்கிற காரே ஆடும். அதில் ப்ரெபெனின் மிதியும் சேர்ந்தால் எந்த வயிறும் புரளும். அதனால், வாந்திக்கு அவர்தான் காரணமோ என்ற சந்தேகம் சிக்னேவுக்கே இரண்டொரு தடவை வந்தது.

நாலாம் மாதத்தில் நிற்க வேண்டிய வாந்தி ஐந்தாம் மாதத்தில் கூடியது. இரண்டு வாய் கம்பு ரொட்டி சாப்பிட்டதும் வயிறு கல்லாக நிறைந்துவிடும். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு வர, முகமும் கையும் சூம்பிக்கொண்டே போயின. இதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மருத்துவச்சி "சிலருக்குக் கடைசி வரைக்கும் இருக்கும்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி "பொண்ணு பிறக்கும், அவதான் அழகை உறிஞ்சறா" என்றாள். புருஷன் வில்லாட்ஸ் காற்றாலைகளைப் பழுது பார்ப்பவன். எண்பது மீட்டர் உயரத்தில் கயிற்றில் தொங்கியபடி சாண்ட்விச் சாப்பிடுவான். ஆனால் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தால் அவனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. "தண்ணி வேணுமா? ஜன்னலைத் திறக்கவா? மூடவா?" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பான்.

ஆனால் மாமனார் ஆஸ்கெருக்குத்தான் இதில் தொழில்முறை அக்கறை இருந்தது. அவர் மாட்டு டாக்டர். நாற்பது வருஷம் அந்த வட்டாரத்துப் பசுக்களின் பின்பக்கம் நின்றே வாழ்ந்தவர். ஓய்வு பெற்ற பிறகு பார்க்கப் பசு இல்லை, மருமகள் இருந்தாள். கல்யாணத்தன்றே அவளை மேலும் கீழும் பார்த்து, "இடுப்பு எலும்பு நல்ல அகலம், பிரசவம் சுலபம்" என்று விருந்தினர் முன்னால் கண்ணாடிக் கோப்பையை உயர்த்தியவர் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு வந்தவர், கேக்கைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீனி எடுக்கலையே இவ."

"அப்பா, அதைச் சாப்பாடுன்னு சொல்லுங்க" என்றான் வில்லாட்ஸ்.

"என்ன பேர் வெச்சா என்ன, எடுக்கலையே. அம்மாடி, இப்படிப் படு. ஒரு தடவை தட்டிப் பார்க்கறேன்." கோட்டுப் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப் வெளியே வந்தது. "சினைப் பசு தீனி குறைச்சா முதல்ல நாலாவது வயித்தைத்தான் சந்தேகப்படணும். அது இடம் மாறிப் போயிருந்தா, விலாவுல சுண்டினா தகர டப்பாவுல சுண்டின மாதிரி கேக்கும்."

"எனக்கு ஒரு வயிறுதான் மாமா."

"அதான் கஷ்டம். நாலு இருந்தா ஒண்ணு மக்கர் பண்ணாலும் மூணு மிஞ்சும்."

அவரிடம் வாதாடுவதைவிடப் படுத்துவிடுவது சீக்கிரம் முடியும் என்று சிக்னே சோபாவில் சாய்ந்தாள். அவர் விலாவில் சுண்டினார், காதைச் சாய்த்தார், மறுபக்கமும் சுண்டினார். தகர டப்பா கேட்கவில்லை. முகத்தில் லேசான ஏமாற்றம்.

"ஆணி, கம்பி ஏதாவது முழுங்கினியா?"

"மாமா!"

"கேட்டு வெச்சுக்கறதுதானே. மாட்டுக்கு முழுங்கக் குடுக்கிற காந்தம் வண்டியில இருக்கு." அடுத்த கேள்வியைக் கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார். "சாணி என்ன நிறம்?"

வில்லாட்ஸ் கேக்கைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனான்.

"கறுப்பு" என்றாள் சிக்னே. "ரத்தம் கம்மின்னு இரும்பு மாத்திரை குடுத்திருக்காங்க. அதைத் தின்னா அப்படித்தான் போகுமாம்."

"அது சரிதான்" என்று ஆஸ்கெர் தலையாட்டினார். "போதாததுக்கு அதிமதுர மிட்டாய் வேற பை பையாத் தின்னறே." கறுப்பு மிட்டாய், கறுப்பு மாத்திரை. கணக்கு சரியாகிவிட்டது. ஸ்டெதஸ்கோப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கேக் சாப்பிட்டார்.

கணக்கு தப்பு என்பது அடுத்த வாரம், ப்ரெபெனின் பாடத்தின்போது தெரிந்தது. கடலோரச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது சிக்னேவின் கண் முன்னால் சாலை இரண்டாகி, நாலாகி, வெள்ளையாகிப் போனது. தலை ஜன்னலில் சாய்ந்தது.

"சிக்னே! எதுவும் தப்பு பண்ணலையே நான்? சிக்னே?"

"ஆஸ்பத்திரி" என்று மட்டும் முனகினாள்.

ப்ரெபென் அதுவரை தனியாக ஒரு முடிவும் எடுக்காமல் ஓட்டியவர். இப்போது எல்லா முடிவும் அவர் கையில். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பினார். பின்னால் ஒரு பால் லாரி, அதற்குப் பின்னால் இரண்டு டிராக்டர், ஒரு பஸ், அப்புறம் எண்ண முடியாத அளவுக்குக் கார்கள், பெரிய மனிதர் சவ ஊர்வலம்போல வரிசை கட்டின. ஊர் எல்லை ரவுண்டானாவில் சிக்னேவுக்கு அரை நினைவு திரும்பியது. பதினோரு வருஷமாகக் கற்றுக்கொடுத்த பழக்கம், வாய் தானாகவே சொன்னது: "சிக்னல் போடாம வெளிய போகக் கூடாது." சிக்னல் நெம்புகோல் எந்தப் பக்கம் என்பது அவருக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. அது நினைவுக்கு வரும் வரைக்கும் ரவுண்டானாவைச் சுற்றினார். நாலாவது சுற்றில் கண்ணாடி துடைப்பான் ஓடியது, ஐந்தாவது சுற்றில் சிக்னல் விழுந்தது. ஆஸ்பத்திரி வாசலில், ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில், இரண்டு கோட்டுக்கு நடுவே அச்சு அசலாக நிறுத்தினார். அவ்வளவு அழகாக அவர் அதற்கு முன்னால் நிறுத்தியதில்லை. பார்த்துப் பாராட்ட வேண்டியவள் ஸ்ட்ரெச்சரில் போய்க்கொண்டிருந்தாள்.

வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கறுப்புக்குக் காரணம் மாத்திரையும் இல்லை, மிட்டாயும் இல்லை. ரத்தம் ஏற்றினார்கள். முதல் பையைப் பார்த்ததுமே வில்லாட்ஸ் சரிந்து விழுந்தான். அவனுக்கும் ஒரு கட்டில் தேவைப்பட்டது. மறுநாள் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையின் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டி தடித்துக் கிடந்தது. மேலே புண். பார்த்த டாக்டர் தன் சொந்த வயிற்றைத் தடவிக்கொண்டே பேசினார். புற்றாக இருக்கலாம், சதை எடுத்து அனுப்பியிருக்கிறோம், முடிவு வரட்டும், இரைப்பையை எடுக்க வேண்டியிருக்கலாம் என்றார்.

"அப்ப குழந்தை?" என்றாள் சிக்னே.

"அதையும் யோசிச்சுட்டுதான் இருக்கோம்."

அந்த வாரம் வீட்டில் யாரும் ஜோக் அடிக்கவில்லை. சிக்னே சோபாவில் படுத்து, வயிற்றின் கீழ்ப்பக்கத்தில் ஒரு கையும் மேல்பக்கத்தில் ஒரு கையும் வைத்துக்கொள்வாள். கீழ்க்கைக்கு உதை விழும். மேல்கைக்கு ஒன்றும் தெரியாது, வெறும் கனம். இரண்டும் தனக்குள்ளேயே வளர்கின்றன என்பதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. அழுதால் வாந்தி வந்தது, அதனால் அழுவதையும் அளவோடுதான் வைத்துக்கொண்டாள்.

முடிவு சொல்ல ஆல்போர் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே டாக்டர் ரான்வா இருந்தார். ஃபாரோ தீவுக்காரர், குட்டையானவர், செம்மறியாட்டு ரோமத்தில் பின்னிய ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளைக் கோட்டு. சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"நல்ல சேதி, இது இரைப்பைப் புற்று இல்ல. கெட்ட சேதி, ரத்தப் புற்று."

வில்லாட்ஸ் கையைத் தூக்கினான். "டாக்டர், நல்ல சேதி எங்க முடிஞ்சுதுன்னு எனக்குப் பிடிபடல."

"சொல்றேன். ரத்தத்துல வெள்ளை அணு இருக்கில்ல, அதோட குஞ்சுகள் எலும்பு மஜ்ஜையில பிறக்கும். வளர்ந்து வேலைக்குப் போகணும். உங்க மனைவிக்கு அதுகள்ல ஒரு கூட்டம் வளரவே மாட்டேங்குது. பெருகறது மட்டும் நடக்குது. வழக்கமா மஜ்ஜையிலயும் ரத்தத்துலயும்தான் நிக்கும். இவங்களுக்கு இரைப்பைச் சுவர்ல வந்து கூடாரம் அடிச்சிருக்கு. அபூர்வம். கர்ப்பத்துல இன்னும் அபூர்வம். இடுப்பெலும்புல மஜ்ஜை எடுத்துப் பார்த்தோம்ல, அங்கயும் இருக்கு."

"வயித்தை அறுக்கணுமா?" என்றாள் சிக்னே.

"வேண்டாம். அதுதான் நல்ல சேதி. ரத்த நோயைக் கத்தியால துரத்த முடியாது. மருந்துதான். மருந்துக்குக் கட்டியும் கரையும்."

"குழந்தைக்கு?"

ரான்வா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார். "உறுப்பெல்லாம் உருவாகிற மாசங்களைத் தாண்டியாச்சு. இந்தக் கட்டத்துல இந்த மருந்துகளைக் குடுத்து, குழந்தை நல்லபடியாப் பிறந்திருக்கு. ஆபத்தே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். எடை குறையலாம், சீக்கிரம் பிறக்கலாம், அதைவிட மோசமாவும் ஆகலாம். ஆனா பிரசவம் வரைக்கும் காத்திருந்தா நீங்க இருக்க மாட்டீங்க. கர்ப்பத்தைக் கலைச்சுட்டு ஆரம்பிக்கணும்னாலும் அது உங்க முடிவு."

சிக்னே வில்லாட்ஸைப் பார்த்தாள். அவன் முகம் சுண்ணாம்பாக இருந்தது. ஆனால் விழவில்லை. அவள் கையைப் பிடித்து, "நீ சொல்றதுதான்" என்றான்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்தே ஆரம்பிங்க" என்றாள் சிக்னே.

கைநரம்பு வழியாகக் குழாய் போட்டு மருந்து ஏற்றினார்கள். ஒன்று பீட்ரூட் சாறுபோலச் சிவப்பாக இருந்தது. ப்ரெபென் தொலைபேசியில் விசாரித்தார். நோயின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்புறம் மெல்ல, "அப்படின்னா அது... என் ஓட்டல்னால வந்ததில்லையே?" என்றார்.

"இல்லங்க. டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன்."

"ரொம்ப நன்றி" என்றார், அவ்வளவு நிம்மதியாக. அந்த வாரம் முழுக்க சிக்னே சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

எல்லோரும் வந்தார்கள். ஆஸ்கெர் மட்டும் வரவில்லை. தினம் ஒரு காரணம் சொன்னார். முதுகு வலி, காற்று, கார். சுண்டிப் பார்க்க ஓடி வருகிறவர், நிஜமாகவே நோய் வந்தபோது ஒதுங்குகிறாரே என்று சிக்னேவுக்கு முதலில் கோபம், பிறகு வருத்தம். நாலாம் நாள் போன் போட்டாள்.

"மாமா, ஏன் வரல?"

"கார்ல ஏதோ சத்தம் கேக்குதும்மா. மெக்கானிக்கிட்ட விடணும்."

"கார் ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்குது. ஜன்னல்ல தெரியுது."

கீழே, காருக்குள் ஒரு தலை சட்டென்று குனிந்தது.

"நேத்தும் அங்கதான் நின்னுச்சு. நீங்க உள்ள உட்கார்ந்து ரொட்டி தின்னுட்டிருக்கிறதுகூடத் தெரியுது."

"...எந்த மாடி?"

மேலே வந்தார். உள்ளே போகும் முன் கை கழுவச் சொன்ன நர்ஸ் அசந்துபோனாள். சட்டையைக் கழற்றித் தோள்பட்டை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முகக்கவசத்துக்கு மேலே கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, மருந்துப் பையையே பார்த்தார்.

"மாட்டுக்கும் இது வரும்" என்றார் கடைசியில். "நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல நிறையப் பார்த்தேன். ரத்தத்துல வர்றது, வயித்துல கட்டியா நிக்கும். அந்த நாலாவது வயித்துலதான். தீனி எடுக்காது, சாணி கறுப்பாப் போகும்." முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டார். "அன்னிக்கு சோபாவுல எல்லாம் கேட்டேன். கேட்டுட்டு கேக் தின்னேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா? எந்த டாக்டருக்குமே தோணலையே."

"அது இல்லம்மா. அந்த மாடுங்களுக்கு என்கிட்ட மருந்து கிடையாது. நோயை நாட்டை விட்டே ஒழிக்கணும்னு சட்டம். கண்டுபிடிச்சா கசாப்புக்கூடத்துக்கு அனுப்பணும். அவ்வளவுதான் நான் பண்ண வைத்தியம்."

"சினை மாட்டையுமா?"

"சினை மாட்டையும்."

அவர் அழுதுகொண்டிருந்தார். முகக்கவசம் நனைந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது. சிக்னேவுக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மனிதர் இத்தனை நாளாக வாசலில் உட்கார்ந்து ரொட்டி தின்றது பயத்தில். அவளுடைய கதையின் முடிவை, தான் ஏற்கெனவே பலமுறை பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டு.

"மாமா, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் மாடு இல்லன்னு சொல்லிட்டே வரேன். இப்பவாவது ஒத்துக்குவீங்களா?"

அவர் நிமிர்ந்தார். "ஒத்துக்கறேன்."

"எனக்குக் கேக்கல."

"நீ மாடு இல்ல!" என்று முழக்கமிட்டார். மாட்டுத் தொழுவத்தில் பேசிப் பழகிய குரல், வார்டு முழுக்க அதிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த ரான்வா, கையிலிருந்த தாளைப் பார்த்தார். "எங்க ரத்தப் பரிசோதனையும் அதைத்தான் சொல்லுது" என்றார். பிறகு ஆஸ்கெர் பக்கம் திரும்பி, "மாட்டுக்கு வர்றது வேற நோய், இது வேற. அதுக்கு உங்ககிட்ட மருந்து இல்ல, இதுக்கு என்கிட்ட இருக்கு. அழறதா இருந்தா புது முகக்கவசம் போட்டுட்டு அழுங்க" என்றார்.

அதற்கப்புறம் அவரை வீட்டுக்கு அனுப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. தானே அரைத்த ஈரல் பேஸ்ட்டைக் கொண்டு வந்து நர்ஸிடம் பறிகொடுத்தார். குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க மருத்துவச்சி வரும்போதெல்லாம் தன் காதையும் நீட்டினார். "கன்னுக்குட்டி..." என்று ஆரம்பித்து, சிக்னேவின் பார்வையைக் கண்டு, "பாப்பா நல்லா இருக்கா" என்று முடிப்பார்.

எல்லாம் சிரிப்பாகவே போய்விடவில்லை. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வாயெல்லாம் புண். ஒரு காலையில் காய்ச்சல் நாற்பது டிகிரி செல்சியஸைத் தொட்டு, பல் கிட்டும்படி நடுங்கினாள். அன்றைக்கு வில்லாட்ஸ் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டே இருந்தான். ரத்தப் பைகள் மாறி மாறி வந்தன. அவன் ஒரு பையையும் பார்க்கவில்லை, ஒரு தடவையும் எழுந்து போகவில்லை. காய்ச்சல் இறங்க ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் உள்ளே இருப்பவள் மட்டும் யாரையும் சட்டை செய்யாமல் உதைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு மதியம் சிக்னேவுக்கு விசித்திரமாக ஏதோ செய்தது. வயிற்றில் ஒரு குடைச்சல். பயந்துபோய் மணியை அடித்தாள். ரான்வா வந்து அழுத்திப் பார்த்தார்.

"எப்படி இருக்கு? வலியா?"

"வலி இல்ல. காலியா இருக்கிற மாதிரி... உள்ள பிடுங்கற மாதிரி..."

"அதுக்குப் பேர் பசி" என்றார் ரான்வா.

மாதக்கணக்கில் அந்த உணர்ச்சியே மறந்திருந்தது. வறுத்த பன்றிக்கறியும், பார்ஸ்லிக் கீரை போட்ட வெள்ளைக் குழம்பும், உருளைக்கிழங்கும் வேண்டும் என்றாள். கேன்டீன்காரர் இரண்டாம் முறை தட்டை நிரப்பும்போது வில்லாட்ஸின் கண் கலங்கியது. குழாய் விட்டுப் பார்த்தபோது கட்டி கிடந்த இடம் வழுவழுவென்று இருந்தது. மஜ்ஜையிலும் கண்ணுக்குத் தெரிந்த அளவில் நோய் இல்லை.

இரண்டாவது சுற்று மருந்து முடிந்து ரத்த அணுக்கள் தேறியதும், எட்டாம் மாதத்தில் வலி வரவழைத்துப் பிரசவம் பார்த்தார்கள். ஆஸ்கெர் வெளியே வராந்தாவில் நடந்தார். இழுக்கக் கயிறு ஏதாவது தேவைப்பட்டால் சொல்லுங்கள் என்று ஒரு தடவை கதவைத் திறந்து கேட்டு, விரட்டப்பட்டார். சின்னப் பெண், இரண்டு கிலோ சொச்சம். அறையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். தலை நிறையக் கன்னங்கரேலென்று முடி.

மொட்டைத் தலையோடு கிடந்த சிக்னே அதைப் பார்த்தாள். "என் முடி எங்க போச்சுன்னு இப்பதான் தெரியுது."

குழந்தையைத் துணியில் சுற்றி ஆஸ்கெரிடம் காட்டினார்கள். ஆயிரம் கன்றுகளை வெளியே இழுத்த கை, தொடப் பயந்தது. வெகு நேரம் பார்த்துவிட்டு, "மோசமில்லை" என்றார். யட்லாந்துக்காரர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது. டாக்னி என்று பெயர் வைத்தார்கள்.

நோய் திரும்பி வராமலிருக்க வேறொருவரின் மஜ்ஜை அணுக்களைச் செலுத்த வேண்டும் என்றார் ரான்வா. சிக்னேவின் தம்பிக்குப் பொருந்தவில்லை. உலகத்துக் கொடையாளர் பதிவில் தேடியதில் ஒருவர் அகப்பட்டார். பெயர் சொல்லக் கூடாது. ஆண், முப்பத்திரண்டு வயது, ஜெர்மனி என்று மட்டும் சொன்னார்கள். குழந்தையைப் பிரிந்து, கிருமி தொற்றாமலிருக்கக் கண்ணாடிக்குப் பின்னால் சில வாரங்கள் கிடந்தது அவளுக்கு மருந்தைவிடக் கொடுமை. வில்லாட்ஸ் தினமும் டாக்னியைத் தூக்கி வந்து கண்ணாடியில் ஒட்டிவைப்பான். ஒருவழியாகப் புது அணுக்கள் வேர் பிடித்தன. ரத்தத்தைச் சோதித்தால் இனி ஆண் ரத்தம் என்றுதான் காட்டும், பயப்பட வேண்டாம் என்று ரான்வா சொல்லி அனுப்பினார்.

"அப்ப நான் இனிமே ஒரு ஜெர்மன்காரனோடயா குடும்பம் நடத்தணும்?" என்றான் வில்லாட்ஸ், காரில் வரும்போது.

"அவனாவது ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் போட மாட்டான்."

மூன்று வருஷம் ஆகிறது. சிக்னே மறுபடி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். ரத்தச் சோதனைக்குப் போகிற காலைகளில் மட்டும் யாரோடும் பேச மாட்டாள். முடிவு வந்ததும் எல்லோரையும் பிடித்துவைத்துப் பேசுவாள். போன ஜனவரியில் டென்மார்க்குக்கும் ஜெர்மனிக்கும் ஹேண்ட்பால் இறுதி ஆட்டம். வீடு முழுக்கச் சிவப்பு வெள்ளைக் கொடி, மேசை முழுக்கச் சாப்பாடு. ஜெர்மன்காரன் ஒருவன் மூலையிலிருந்து காற்றில் பறந்து ஒரு கோல் போட்டான். தப்பே சொல்ல முடியாத கோல். அறையே வாயடைத்துப் போயிருக்க, ஒரே ஒரு ஜோடிக் கை மட்டும் தட்டியது.

எல்லோரும் திரும்பி சிக்னேவைப் பார்த்தார்கள்.

"அது நான் இல்ல" என்று அவள் இன்னொரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டாள்.